மூன்று சுழியங்களும் ஒன்பது கிலோமீட்டரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் என் முட்டாள்தனம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் என்னைப் போல ப்ராஜெக்ட் செய்யும் இன்னொருவர் இதே குழியில் விழுவார். (எங்கள் தெருவில் குழிக்குப் பஞ்சமில்லை, பாதி வீடுகளில் குழித்தறிதான்.) வகுப்பு நண்பர்கள் சிலருக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதி இங்கே.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். கைலாசநாதர் கோயில் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்துத் தெருக்கள் வழியாகத்தான் போவார்கள். விடியற்காலையில் வந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று இழை இழையாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம். கஞ்சி ஈரத்தோடு பாவு தெருவில் இருக்கும்போது மழை வந்தால் போச்சு. கஞ்சி ஒரு இடத்தில் கரைந்து இன்னொரு இடத்தில் திரளும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், சாயம் கெட்டியாக இல்லாவிட்டால் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கும். ஒரு பாவில் மூன்று புடவை. ஒரு குடும்பத்தின் பல வார வேலை.

அதனால் எங்கள் தெருவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எல்லாரும் பேசுகிற ஒரே விஷயம் மழை. வருமா, வராதா, எத்தனை மணிக்கு?

நான் படிப்பது கணினி அறிவியல். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் முகம் அடையாளம் காண்பது, சாட்பாட் என்று எடுத்தபோது நான் மழையை எடுத்தேன். டபிள்யூ.ஆர்.எஃப். என்று ஒரு வானிலை மாடல் இருக்கிறது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி ஓட்டலாம். நம் வானிலை ஆய்வுத் துறையும் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. உலகம் முழுவதற்குமான ஜி.எஃப்.எஸ். என்ற இன்னொரு மாடலின் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, அதற்குள் நம் பகுதியை மட்டும் நெருக்கமான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். மாலை 5.30 மணி நிலவரத்தை வைத்துத் தொடங்கும் ஜி.எஃப்.எஸ். கணிப்பு இரவு 9 மணிக்கு மேல் வர ஆரம்பிக்கும். ஆய்வகத்தில் யாரும் சீந்தாத ஒரு பழைய சர்வரில் அதை ஏற்றிவிட்டால் விடியற்காலை 4 மணிக்குள் வட தமிழகத்துக்கு 3 கிலோமீட்டர் கட்டத்தில் மழை வந்துவிடும். அதாவது கணிப்பு வந்துவிடும். மழை வருவது வேறு விஷயம் :-)

இது தெருவில் எப்படியோ பரவிவிட்டது. எப்படியோ என்ன, அம்மாதான் சொல்லியிருப்பார். எதிர்வீட்டுப் பெரியப்பா (சொந்தம் இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து பெரியப்பாதான்) ஒரு நாள் ராத்திரி வந்து கேட்டார்.

"ஏம்மா, நாளைக்கு பாவு போடலாம்னு இருக்கேன். உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சொன்னேன், சரியாக இருந்தது. இரண்டாவது முறையும் சரி. மூன்றாவது முறை தப்பு, ஆனால் அன்று மழை வரும் என்று சொல்லி வரவில்லை, நஷ்டம் ஒன்றுமில்லை. நாலாவது முறைக்குள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் என் செல்போனுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை.

காலை 4.15க்குப் பார்த்தேன். எங்கள் கட்டத்தில் 5 மணியிலிருந்து 9 மணி வரை மழை சுழியம். கொஞ்சம்கூட இல்லை. "போடுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அரக்குப் பாவு. 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் சத்தம் கேட்டு எழுந்து ஓடினால், மழை. பெரிய மழைகூட இல்லை, இருபது நிமிஷம் இருக்கும். பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு ஓடினார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மூடி முடிப்பதற்குள் நனைய வேண்டியது நனைந்துவிட்டது.

பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அழுகிற மாதிரி நின்றிருந்தேன். "விடும்மா, வானம்னா அப்படித்தான். நீ என்ன பண்ணுவ?" என்றார். பாவு கொடுத்த இடத்தில் கூலியில் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு அம்மா சொல்லித் தெரியும்.

வானம்னா அப்படித்தான் என்று நானும் நம்பத்தான் பார்த்தேன். இந்த ஊர் மழை அப்படிப்பட்டதுதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழை நினைவிருக்கிறதா? மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் ஒன்பது, பத்து கிலோமீட்டர். அதற்குள் 14 செ.மீ. வித்தியாசம். எங்கள் வீட்டில் அன்று தறிக்குழிக்குள் தண்ணீர் ஏறியது. நான் பள்ளிப் பிள்ளை, எனக்கு அது லீவு நாள். அப்பா வாளியால் இறைத்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்படிப்பட்ட மழையை 3 கிலோமீட்டர் கட்டத்தில் பிடிக்க முயற்சி செய்து தப்பினால் யார் மேல் குற்றம்?

இரண்டு நாள் கழித்துத் தற்செயலாக ஒன்று செய்தேன். என் நிரல் எந்தக் கட்டத்தை "எங்கள் கட்டம்" என்று எடுக்கிறதோ, அந்தக் கட்டத்தின் அட்சரேகை என்ன என்று மாடலின் கோப்பையே கேட்டேன். மாடல் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கூடவே எழுதி வைத்திருக்கும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையம் 12.83 டிகிரி வடக்கு. திரையில் வந்தது 12.75.

0.08 டிகிரிதானே என்று தோன்றும். ஒரு டிகிரி அட்சரேகை நம் ஊர்ப் பக்கம் 110.6 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒன்பது கிலோமீட்டர். மூன்று கட்டம். இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளையார்பாளையத்தின் வானத்தை இல்லை. பாலாற்றைத் தாண்டி, தூசியைத் தாண்டி, மாமண்டூர் பக்கத்து வானத்தை.

சரியான கட்டத்தில் அந்த வியாழக்கிழமை காலை என்ன இருந்தது என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் 8 மில்லிமீட்டர்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையான பூமியைத் தட்டையான கட்டங்களில் எழுத ஒரு புரொஜக்‌ஷன் வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் வரைபடக் கோட்டுச்சட்டம் என்று படித்தது. அது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, தெருவில்தான் புரிந்தது. புடவையில் அன்னம் வர வேண்டும் என்றால் முதலில் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டுக்கு அட்டை குத்துவார்கள். தறியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்பது ஒன்றாக இருக்காது. பாவு இழை நெருக்கமாகவும் ஊடை கலக்கமாகவும் இருந்தால், சதுரக் கட்டத்தில் அழகாக வரைந்த அன்னம் புடவையில் ஒல்லியாக, கழுத்து நீண்டு கொக்கு மாதிரி வரும். அதனால் தாளில் இருக்கும் கட்டமே அந்த விகிதத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். தாளில் கோணலாகத் தெரிவது துணியில் நேராகும்.

பூமியிலும் இதேதான். ஜி.எஃப்.எஸ். கணிப்பு கால் டிகிரிக் கட்டங்களில் கிடைக்கிறது. காஞ்சிபுரத்தில் அந்தக் கால் டிகிரி வடக்கு தெற்காக 27.7 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 27.1. கிட்டத்தட்ட சதுரம். டெல்லிக்குப் போனால் கிழக்கு மேற்கு 24.5 ஆகச் சுருங்கிவிடும். துருவத்தில் ஒன்றுமே இருக்காது. மழையை நகர்த்தும் கணக்குக்குச் சம அளவுக் கட்டங்கள் வசதி. அதனால் டபிள்யூ.ஆர்.எஃப்.பில் நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மெர்கேட்டர் புரொஜக்‌ஷனையும், ஐரோப்பா மாதிரி இடங்களில் லாம்பர்ட்டையும் பொதுவாக எடுப்பார்கள். நான் எடுத்தது மெர்கேட்டர். 13 டிகிரியில் அளவு சரியாக வரும்படி வைத்திருந்தேன். அதுவரை ஒரு தப்பும் இல்லை.

தப்பு அதற்கு அடுத்த அடியில். பூமி முழு உருண்டை இல்லை என்பது தெரிந்ததே. நடுவில் ஆரம் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. 21 கிலோமீட்டர் அமுங்கியிருக்கிறது. நம் செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். இந்த அமுங்கிய பூமியைத்தான் நம்புகிறது, அதற்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று பெயர். ஆனால் வானிலை மாடல்கள் பலவும் பூமியை முழு உருண்டையாகவே வைத்துக்கொள்கின்றன. டபிள்யூ.ஆர்.எஃப்.புக்கு ஆரம் 6370 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஜி.எஃப்.எஸ். கோப்பைத் திறந்தால் அதில் 6371.229 என்று இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. காற்று, அழுத்தம், சுழற்சி எல்லாவற்றுக்குமான சமன்பாடுகள் உருண்டையில் எளிதாகிவிடும். தூரத்தில் வரும் பிழையோ டிகிரிக்கு அரை கிலோமீட்டர் அளவு. மழைக் கணிப்பில் இருக்கும் மற்ற பிழைகளுக்கு முன்னால் அது தூசு. (மேலே சொன்ன தூசி ஊர் இல்லை!)

சிக்கல் எங்கே என்றால், அமுங்கிய பூமியில் "அட்சரேகை" என்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடுகிறது. உங்கள் காலடியில் தரைக்குச் செங்குத்தாக ஒரு கம்பியை உள்ளே இறக்கினால், அது நிலநடுக்கோட்டுத் தளத்தோடு ஒரு கோணம் போடும். ஜி.பி.எஸ். சொல்வது இதைத்தான். பூமியின் மையத்திலிருந்து உங்கள் காலடிக்கு ஒரு கோடு இழுத்தால் அது வேறு கோணம். முழு உருண்டையில் இரண்டும் ஒன்று. அமுங்கிய பூமியில் நிலநடுக்கோட்டிலும் துருவத்திலும் மட்டும் ஒன்று. நடுவில் வித்தியாசம், 45 டிகிரியில் அதிகபட்சமாக 0.19 டிகிரி, 21 கிலோமீட்டர். காஞ்சிபுரத்தில் 0.083 டிகிரி. ஒன்பது கிலோமீட்டர். எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதா?

ஜி.பி.எஸ். சொன்ன 12.83ஐ மாடலின் உருண்டையில் அப்படியே 12.83 என்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும். ஏனென்றால் மாடலுக்குப் போகும் மலை, ஏரி, நிலப்பரப்புத் தகவல்களும் அப்படித்தான், எண்ணை மாற்றாமல் வைக்கப்பட்டிருக்கின்றன. கொள்கைப்படி அது ஒரு பொய். ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி சொல்லும் பொய், அதனால் யாரும் வழி தவறுவதில்லை. 2013இல் அமெரிக்காவின் என்கார் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் மன்த்லி வெதர் ரிவ்யூ இதழில் இந்த விஷயத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

நான் என்ன செய்தேன்? கோஆர்டினேட் மாற்றித் தரும் ஒரு பிரபலமான நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினேன். மாடலின் உருண்டையை விவரிக்கும் வரியை எங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டினேன். அந்த வரியின் கடைசியில் ஒரு வால் இருந்தது. "டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாற்ற: 0, 0, 0". மூன்று சுழியங்கள். சுழியம் என்றால் மாற்றம் எதுவும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் நினைத்தேன். நூலகம் அதை வேறு விதமாகப் படித்தது: "இந்த உருண்டையும் நிஜப் பூமியும் ஒரே மையத்தில் இருக்கின்றன, நடுவில் விலகல் சுழியம். ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி மாற்றித் தருகிறேன்." முறைப்படி மாற்றியும் தந்தது. செங்குத்துக் கோணத்தை மையக் கோணமாக்கி, 12.83ஐ 12.75 ஆக்கி, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். அந்த வாலே இல்லாமல் விட்டிருந்தால் அது எண்ணைத் தொட்டிருக்காது. நூலகத்தின் மேல் குற்றமே இல்லை. கேட்டதைச் செய்தது. கேட்டதுதான் தப்பு.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன்! அதுதான் வயிற்றெரிச்சல். மாமல்லபுரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அது மாடலின் கரையோரத்தில் விழுகிறதா என்று பார்த்தேன். அழகாக விழுந்தது. என்னுடைய பிழை வடக்கு தெற்குப் பிழை. சென்னையிலிருந்து கீழே நம் கடற்கரை ஓடுவதும் கிட்டத்தட்ட வடக்கு தெற்காக. கரையோரமாகவே ஒன்பது கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு போனால் கால் தண்ணீரில் படுமா? ஒரு ஏரியையோ ஜவ்வாது மலையையோ வைத்துச் சோதித்திருந்தால் அன்றே மாட்டியிருக்கும்.

நிற்க. பிழை கண்டுபிடித்த வாரம் ஆறுதலுக்காகப் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். இந்த வகைத் தப்பில் நம் சென்னைக்கே ஒரு பெரிய பாரம்பரியம் உண்டு. வானிலை ஆய்வு மையம் என்று டிவியில் காட்டுவார்களே, நுங்கம்பாக்கம் அலுவலகம், அந்த வளாகத்தில்தான் 1792இல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைக்கெல்லாம் அந்த இடம்தான் ஆதாரம். அங்கே வானத்தைப் பார்த்துக் கணக்கிட்டு 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி என்று வைத்தார்கள். பிற்பாடு தந்தி வந்து, லண்டன் நேரத்தையும் மெட்ராஸ் நேரத்தையும் கம்பி வழியாக ஒப்பிட முடிந்தபோது, அது இரண்டு நிமிடம் 27 விநாடி அதிகம் என்று தெரிந்தது. நம் அட்சரேகையில் சுமார் 4.4 கிலோமீட்டர். அதாவது வரைபடத்தில் மொத்த இந்தியாவும் கிழக்கே நாலரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையில் தூரமெல்லாம் சரி, அதனால் வரைபடத்தை வைத்து ரோடு போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்ந்தால் உள்ளே இருப்பவருக்கு நகர்ந்ததே தெரியாது.

இன்னொன்று. கல்லூரிக்கும் சென்னைக்கும் போய்வரும்போது பரங்கிமலையைப் பார்க்காதவர் யார்? 1802இல் வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி வைத்து அளந்து, அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்க ஆரம்பித்தார். வரைபடம் மட்டும் அவர் நோக்கம் இல்லை. இந்தப் பகுதியில் ஒரு டிகிரி எத்தனை நீளம், அதை வைத்துப் பூமி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பதும்தான். என்னைக் கவிழ்த்த அதே அமுங்கல்! அவர் வேலையைத் தொடர்ந்த எவரெஸ்ட் 1830இல் ஒரு பூமி அளவைக் கணக்கிட்டார். நடு ஆரம் 6377.276 கிலோமீட்டர். இன்றைய அளவைவிட 861 மீட்டர்தான் குறைவு. மாட்டுவண்டியும் சங்கிலியும் வைத்துக்கொண்டு! 2005இல் புதிய தேசிய வரைபடக் கொள்கை வந்து டபிள்யூ.ஜி.எஸ். 84 வரைபடங்கள் வெளிவரும் வரை, நம் டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் பூமியில்தான் இருந்தன. பழைய ஷீட்டிலிருந்து ஒரு புள்ளியை எடுத்து அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால் காஞ்சிபுரம் பக்கம் இருநூறு மீட்டர் சுமாருக்கு விலகும். நிலம் அளப்பவருக்கு அது கொலைக்குற்றம். 3 கிலோமீட்டர் கட்டத்தில் மழை பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை. இந்த இருநூறு மீட்டரைத் திருத்துவதற்காக நான் ஒரு வாரம் செலவழித்திருக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் ஓட்டையை வைத்துக்கொண்டு!

இப்போதும் என்னை உறுத்துவது இதுதான். கணிப்பில் இருக்கும் நிச்சயமின்மை வேறு, நான் செய்தது வேறு. மாடல் ஒரு நாள் மேற்கே தப்பும், ஒரு நாள் கிழக்கே தப்பும், ஒரு நாள் நேரம் தப்பும். அது வானத்தின் பங்கு. என் பிழை தினமும் ஒரே திசையில், ஒரே அளவில், சொல்லி வைத்த மாதிரி. ஆனால் வானிலை என்றாலே தப்பும் என்று ஊரே சிரிப்பதால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என் பிழை சௌகரியமாக ஒளிந்துகொண்டது. பல நாள் இரண்டு கட்டமும் ஒன்றையே சொன்னதால் அவ்வப்போது சரியாகவும் வந்து தொலைத்தது. பேங்க் கணக்கில் ஒன்பது ரூபாய் தினமும் குறைந்தால் ஒரு வாரத்தில் கேட்டிருப்பார்கள்.

சேமித்து வைத்திருந்த பழைய நாட்களையெல்லாம் சரியான கட்டத்தில் மறுபடி படித்தேன். திடீரென்று எல்லாம் பொருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. சில நாள் தப்பு சரியானது. ஒன்றிரண்டு நாள், தப்பான கட்டத்தில் சரியாக இருந்தது இப்போது தப்பானது. அந்த வியாழக்கிழமை 8 மில்லிமீட்டர்கூட மாடலின் அதிர்ஷ்டமாக இருக்கலாம், ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2025 மே மாதம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் என்று 6 கிலோமீட்டர் கட்டத்தில் நாட்டின் புதிய மாடலை அறிமுகம் செய்தார்கள். அதற்கு முன் 12 கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டத்தில் என்னுடைய பிழை பல நேரம் ஒரு கட்டத்துக்குள்ளேயே அமுங்கிப் போயிருக்கும். கட்டம் சின்னதாக ஆக, இந்த மாதிரித் தப்புகள் வெளியே வரத் தொடங்கும் என்று தோன்றுகிறது.

ப்ராஜெக்ட் அறிக்கையில் இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினேன். வேண்டாம், மார்க் குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். குறையவில்லை. அது சுலபமாக இருந்தது. எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லாமலே விட்டிருக்கலாம், அவர்தான் ஏற்கெனவே வானத்தின் மேல் பழியைப் போட்டு என்னை விட்டுவிட்டாரே. நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி தறி நின்ற பிறகு போய், திண்ணையில் உட்கார்ந்து, கிராப் பேப்பர், அன்னம், அமுங்கிய பூமி எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஒன்பது கிலோமீட்டர்னா, ஆத்துக்கு அந்தாண்ட இல்ல வருது?"

"ஆமா பெரியப்பா. மாமண்டூர் பக்கம்."

"அப்ப மாமண்டூர்க்காரனுக்கு கரெக்டா சொல்லியிருக்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மாதான் சிரித்தார். பிறகு பெரியப்பா, நனைந்த பாவில் எது தேறியது, எது தேறவில்லை என்று எடுத்துக் காட்டினார். மூன்று புடவையில் ஒன்று முழுதாகத் தேறியிருந்தது. மற்றதில் இழை ஒட்டிய இடங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் பிரிக்க எத்தனை நாள் ஆனது என்றும் சொன்னார். கோபமாக இல்லை, கணக்கு சொல்வது போல. நான் கேட்டுக்கொண்டேன்.

இப்போது என் நிரல் மழையைச் சொல்வதற்கு முன்னால் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது என்று அட்சரேகையை முதல் வரியில் எழுதும். போன மாதம் பெரியப்பா மறுபடி பாவு போட்டார். காலையில் நான் செல்போனோடு வாசலுக்குப் போனபோது அவர் ஏற்கெனவே தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தெருவைத்தானே பாக்குது இன்னிக்கி?" என்றார்.

முதல் வரியைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் ஷீட்டையும் எடுத்துவரச் சொன்னார்.